சோடாக் கடைக்கு என் குடும்பம் எழுதிய நோட்டீஸ்

எங்கள் கடைக்கு எதிரே, ஜவுளிக் கடைப் பந்தல் நிழலில், ஒரு மனிதர் இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தார்.

ஒல்லியான உடம்பு. தலையில் வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் விரிக்காத குடை. வாய் ஓயாமல் வெற்றிலை மென்றது. கண் மட்டும் என் கடையை விட்டு அகலவில்லை. யாராவது கடை முன்னால் நின்று, பாட்டில்களைப் பார்த்துவிட்டு, வாங்காமல் நகர்ந்தால் அவர்கள் பின்னாலேயே போவார். ஏதோ கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள், அல்லது தலை குனிந்துகொள்வார்கள். இவர் திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்பார்.

கடையில் சோடா மிஷின் சுற்றிக்கொண்டிருந்த இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

"மொதலாளி, அங்கன நிக்கவரு ஆளு சரியில்ல. நம்ம வாடிக்கைய ஒவ்வொண்ணாக் கலைச்சு விடுதாரு."

"கலைச்சு விடுததுக்கு நமக்கு எங்கலே வாடிக்கை இருக்கு?" என்றேன்.

மூன்றாம் நாள் காலை அவரே தெருவைக் கடந்து வந்தார்.

"சலாம், பிள்ளைவாள். நாந்தான் மீராசா. மேலப்பாளையம். நோட்டீஸ் எழுத ஆளு வேணும்னு சொல்லி விட்டிருந்தியளாமே?"

"அப்பம் ரெண்டு நாளா எதிர்ல நின்னது?"

"வேலைதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

எனக்குப் பகீரென்றது. எழுதுகிறவன் என்றால் உட்கார்ந்து எழுதுவான் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஆள் நின்றதற்கும் சேர்த்துக் கூலி கேட்பாரோ என்று பயந்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வயதில் மூளை இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு மீசை மட்டுமே இருந்தது.

நான் ஏன் சோடா விற்றேன்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் மாமனாரைப் பற்றி எழுதியது போதாது என்று மூன்று வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆசை இந்த வாரம் தீரும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் தாத்தா சேரன்மாதேவிப் பக்கம் இருந்த நன்செய் முழுவதையும் ஒரே ஒரு வாய்க்கால் மடைக்காக வழக்காடித் தொலைத்தவர். வழக்கில் ஜெயித்தார். மடை கிடைத்தது. அதில் வரும் தண்ணீரைப் பாய்ச்ச வயல்தான் இல்லை. ஆகவே எங்கள் தலைமுறை படித்துப் பிழைக்க வேண்டியதாயிற்று.

என் மாமனார் தாலுகா கச்சேரியில் சிரஸ்தார். அதாவது குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். தாசில்தாருக்கு ஒரு படி கீழே, மற்ற மனித குலத்துக்கு ஒன்பது படி மேலே. கல்யாணமான மறு வருஷமே எனக்கு ஒரு குமாஸ்தா வேலையைத் தயார் செய்து வைத்துவிட்டார். நான் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

உட்காரும் இடத்தைப் பார்த்து வர ஒரு நாள் போனேன். அன்று கச்சேரியில் ஒரு நாற்காலியின் கால் உடைந்திருந்தது. அதைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு காகிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதினார். அடுத்தவர் அடித்துத் திருத்தினார். அதற்கடுத்தவர் அதைத் திருத்தினார். ஒவ்வொருவரும் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, அடுத்த மேஜைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தும்மல் வந்த ஒருவர் என் மாமனாரைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகு தும்மினார். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கொஞ்சம்தான் மிகைப்படுத்தியிருக்கிறேன்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது, வாழ்நாளில் ஒரு காரியமாவது யாரையும் கேட்காமல் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் சோடாக் கடை. மதுரையில் ஒருவரிடமிருந்து கையால் சுற்றும் மிஷினை வாங்கி, ரயிலேற்றிக் கொண்டுவந்து, கீழரத வீதியில், கோயில் தேர் நிற்கும் தேர்முட்டிக்கு எதிரே, ஒரு கடை பிடித்தேன்.

மாமனார் ஒரு வாய்தா கொடுத்தார்.

"ஆனித் தேரு வரைக்கும் பாரும். தேரன்னைக்குக் கூடுத கூட்டத்துல உம்ம கடை நிக்கலன்னா, அதுக்குப் பொறவு எந்தக் காலத்துலயும் நிக்காது. அடுத்த வாரமே கச்சேரிக்கு வந்துரணும். என்னா?"

"சரி மாமா" என்றேன். கவனியுங்கள், அந்தச் சுதந்திரத்தையும் அவரைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு புலவர்களும் ஒரு பாட்டிலும்

நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்பது என் சொந்த யோசனை. அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகைக்காரர்களும் லேகியம் விற்பவர்களும்தான் நோட்டீஸ் அடிப்பார்கள். மரியாதையான கடைக்காரன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். நானும் மூன்று மாதம் மரியாதையாக இருந்து பார்த்தேன்.

மீராசாவுக்கு முன்னால் இரண்டு பேரிடம் எழுதி வாங்கினேன்.

முதல் ஆள் ஒரு பள்ளிக்கூடத் தமிழ்ப் பண்டிதர். சோடாவைப் பற்றி முப்பது வெண்பா கொண்டுவந்தார். முதல் பத்தில் பொதிகை மலை, அடுத்த பத்தில் தாமிரபரணி, மூன்றாவது பத்தில் என் குலப் பெருமை. சோடா எங்கே என்று கேட்டேன். "அது குறிப்பால் உணர்த்தப்பட்டிருக்கிறது" என்றார்.

இரண்டாவது ஆள் நாடகக் கம்பெனிக்குப் பாட்டுக் கட்டுகிறவர். பாட்டிலை ஒரு பெண்ணாகவே ஆக்கிவிட்டார். கழுத்து, இடை, அதற்குள் துள்ளும் கோலி என்று போயிற்று. அதை என் மனைவி காந்திமதி படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

இவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் இருவரிடமும் சொன்னது இதுதான்: "பிரமாதமா ஒண்ணு எழுதிக் குடுங்க, நாளைக்கு வேணும்." யாருக்காக, எதற்காக என்று நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

மீராசா கேட்டது

மீராசாவுக்குக் குலத்தொழில் நெசவு. எந்த முதலாளியிடமும் சம்பளத்துக்கு இல்லை. தறியில் இருக்கும்போது தறி, யாராவது கூப்பிட்டால் நோட்டீஸ். பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடை, அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக் கடை, புன்னைக்காயலில் ஒரு வலைக் கடை என்று ஆற்றோரம் நெடுக அவருக்கு ஆள் உண்டு. எவருக்கும் அவர் பெயர் சரியாகத் தெரியாது, "அந்தப் புலவர்" என்பார்கள்.

கடைக்குள் வந்தவர் பாட்டில்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளைவாள், ஏன் ஆளுக வாங்கலன்னு நெனைக்கிய?"

"தண்ணி சுத்தமான்னு சந்தேகம். யாரு கை பட்டுச்சோன்னு சந்தேகம். உள்ள இருக்கது வெள்ளக்காரன் காத்தோன்னு பயம்."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ரெண்டு நாளா நாப்பது பேருகிட்ட கேட்டுட்டேன். அது ஒண்ணும் இல்ல."

"பொறவு?"

"தொறக்கத் தெரியல."

எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் கோலிய உள்ள அமுக்கத் தெரியல, பிள்ளைவாள். நடுத் தெருவுல பாட்டில வாங்கிட்டு, தொறக்கத் தெரியாம முழிச்சா நாலு பேரு சிரிப்பாம்லா? அந்த வெக்கம். பெரிய பெரிய மீசைக்காரனெல்லாம் அதுக்குத்தான் பைய நழுவிப் போறான். நேத்து ஒரு பண்ணையாரு சொல்லுதாரு, 'எனக்குத் தாகமே கெடையாது வே'ன்னு. தொண்டை வறண்டு பேச்சு வரல அவருக்கு."

 மூன்று மாதமாகக் கடைக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதது, இரண்டு நாள் வெயிலில் நின்ற ஒரு மனிதருக்குத் தெரிந்துவிட்டது.

பேரம் முடிந்தது. கூலியில் கறார் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"எழுதித் தாரேன். நீங்க படிங்க. சரியில்லன்னா எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தித் தாரேன். ஆனா மாத்தணும்னு சொல்லுத வாய் ஒண்ணா இருக்கணும். அது உங்க வாயா இருக்கணும்."

"இது என் கடை. வேற யாரு வாயி வரப் போவுது?" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். அரைத் தாளில் நான்கே வரி. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"தேர் இழுத்துத் தொண்டை வறண்டவர்களுக்கு: தேர்முட்டிக்கு எதிரே சோடாக் கடை இருக்கிறது.

பாட்டிலைத் திறக்க உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் திறந்து கையில் தருவோம்.

தண்ணீர் நீங்கள் குளிக்கும் தாமிரபரணித் தண்ணீர்தான்.

குடித்துவிட்டு ஏப்பம் வருகிறதா என்று பாருங்கள்."

படித்துவிட்டு நான் சிரித்தேன். தாகமும் எடுத்தது. அந்த நிமிஷமே "சரி, அச்சுக்குக் குடுங்க" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். நானும் இந்தப் பத்திரிகையில் ஒரு சோடா முதலாளியாக எழுதிக்கொண்டிருப்பேன்.

நான் சொன்னது வேறு. "வீட்டுல ஒரு தடவ வாசிச்சுட்டுத் தாரேன்."

வீட்டில் வாசித்தது

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வீட்டிலிருந்து வெளியே போகும் எந்தக் காகிதமும் எல்லாருக்கும் முன்னால் சத்தமாக ஒரு முறை வாசிக்கப்பட வேண்டும். பாபநாசத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு "சுகம், சுகமறிய ஆவல்" என்று ஒரு கார்டு போட இரண்டு நாள் ஆகும். யார் பெயர் முதலில் வருகிறது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்க்காமல் கார்டு தபால் பெட்டிக்குள் விழாது. ஒரு தடவை மூன்றாவது சித்தியின் பெயரை விட்டதற்காக அந்தப் பக்கத்தார் இரண்டு தீபாவளிக்கு வரவில்லை.

ஆக, மாமனாரையும் வரவழைத்து, நோட்டீஸை வாசித்தேன். நான்கு வரியும் முடிந்தது. எல்லாரும் மேற்கொண்டு வரும் என்று காத்திருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றார் பெரியப்பா.

"அவ்வளவுதான் பெரியப்பா."

"இத எழுதவா ஒரு புலவன்? இதத்தான் நாம தெனமும் பேசுதோமே! பேசுததையே எழுதிக் குடுத்துட்டுக் கூலி வாங்கிட்டுப் போறான். நீயும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னியாக்கும்?"

மாமனார் காகிதத்தை வாங்கினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்தப் பென்சிலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது கச்சேரியில் நாற்காலிக் காகிதத்தைத் திருத்திய அதே பென்சில்.

"ஏப்பம்னு அச்சுல போடுததா? அடிங்க வே அத."

ஏப்பம் போயிற்று.

பெரியப்பா சொன்னார்: "தலைப்புல பிள்ளையார் சுழி, சிவமயம். அதுக்குக் கீழ ஒரு காப்பு வெண்பா."

வந்தது. முப்பது வெண்பா பண்டிதரின் சரக்கு வீட்டிலேயே இருந்தது, வீணாகக் கூடாதே.

மாமனார் சொன்னார்: "'இதனால் சகலமான பேர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்'னு ஆரம்பிக்கணும். இல்லன்னா ஒரு தோரணை கெடையாது."

வீட்டை ஆளும் அத்தை சொன்னாள்: "கடை வச்சவன் பேரு மட்டும் போட்டா எப்படி? அவங்க தாத்தா பேரு, அப்பா பேரு, பெரியவங்க பேரு, மாப்பிள்ளைமாரு பேரு எல்லாம் வரணும். தென்காசி மாப்பிள்ள பேர விட்டுறாதிய, அவருக்கு மூக்கு மேல கோவம் வரும்."

எல்லாப் பெயரும் வந்தது. தென்காசி மாப்பிள்ளை பெயர் இரண்டு இடத்தில் வந்தது.

"வந்து குடியுங்கன்னு சொல்லப்படாது. 'சுற்றம் சூழ வருகை புரிந்து தாகசாந்தி ஏற்றுக்கொண்டு சிறப்பிக்க வேண்டுமாய்'னு போடணும். அதான் மரியாத" என்றார் பெரியப்பா.

அதுவும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் தலையசைத்தேன். ஒரு இடத்தில், பாட்டிலைத் திறந்து தருவோம் என்ற வரியை மாமனார் அடிக்கப்போனபோது, "மாமா, அதுதான் அதுல முக்கியம்னு புலவர் சொன்னாரு" என்று மெல்ல இழுத்தேன்.

"நாம என்ன, பாட்டில் தொறந்து விடுத வேலைக்காரங்களா?" என்றார்.

அதுவும் போயிற்று. சோடா என்ற வார்த்தை சிவமயத்துக்குக் கீழே வர வேண்டாம் என்று பெரியப்பாவுக்குப் பட்டது. தாகசாந்தி என்று ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா?

அடுப்படியிலிருந்து வந்த காந்திமதி, கடைசியில் தேறிய காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மேலிருந்து கீழே ஒரு முறை. கீழிருந்து மேலே ஒரு முறை.

"இங்கன பாருங்க. இதுல சோடாவ எங்கயுமே காணோமே?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது.

இடம் போதவில்லை

அச்சுக்கூடத்துக்காரர் பொறுமைசாலி. பெயர்களை அடுக்கிப் பார்த்தார். தாள் நிறைந்துவிட்டது. ஒரு விஷயத்தை எடுத்தால்தான் மற்றது உள்ளே போகும்.

வெண்பாவை எடுக்க முடியாது, தெய்வக் குற்றம். பெயர்களை எடுக்க முடியாது, மனிதக் குற்றம். தேர்முட்டிக்கு எதிரே என்ற கடை விலாசத்தை எடுத்துவிட்டோம்.

"கடைதான் எல்லாருக்கும் கண்ணுல தெரியுதே" என்றார் பெரியப்பா. "வீட்டு விலாசம் இருக்கட்டும். கௌரவம் வீட்டுலதான இருக்கு."

அச்சுக்கூடத்தில் இருந்த படங்கள் இரண்டுதான். இரண்டு யானைகள் மாலை போடுவது ஒன்று, குத்துவிளக்கு ஒன்று. இரண்டையும் போட்டார்கள். தாள் ரோஸ் நிறம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவச் சொன்னது அத்தை.

முதல் படியை அச்சில் பார்க்க மீராசா வந்திருந்தார். கையில் வாங்கிப் படித்தார். 

"இத வாங்க நெனைக்கவன் எங்க வரணும், பிள்ளைவாள்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். அவர் சொல்வதுதான் சரி என்றும் தெரியும். அச்சை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இருந்தது. ஆனால் பக்கத்தில் மாமனார் நின்றார்.

"பெரியவங்க பாத்துச் செஞ்சிருக்காங்க" என்றேன்.

மீராசா தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருங்க. இத நான் எழுதுனேன்னு மட்டும் எங்கயும் சொல்லிராதிய" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

வெற்றிலை பாக்குடன்

நோட்டீஸைத் தெருவில் நின்று விநியோகிப்பது எங்கள் குடும்பத்துக்குக் கேவலம். ஆகவே பெரியப்பாவும் மாப்பிள்ளைமார்களும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முக்கூடல், சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம் என்று ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து, அதன் மேல் நோட்டீஸை வைத்துக் கொடுத்து, "தேரன்னைக்கு அவசியம் வந்திரணும்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

தேரன்று காலை, நான் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, வாசலில் முதல் வண்டி வந்து நின்றது. முக்கூடல்காரர்கள், பதினொரு பேர். பட்டுச் சேலை, ஜரிகை வேட்டி. ஒரு பெரியவர் இறங்கி, புதுப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"நாங்கதான் மொதல்ல வந்துட்டம் போலிருக்கே? பொண்ணு எந்த ஊரு?"

 அவருக்குப் பின்னால் இரண்டாவது வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மூன்றாவது.

அவர்கள் மேல் என்ன தப்பு? ரோஸ் தாள், யானை, மஞ்சள், மூன்று தலைமுறைப் பெயர், சுற்றம் சூழ, வெற்றிலை பாக்கு. கல்யாணம் இல்லை என்று யார் சொல்வார்கள்? மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இல்லையே என்று ஒருவர் மட்டும் யோசித்திருக்கிறார். இடம் போதாமல் விட்டிருப்பார்கள் என்று அவர் மனைவி சமாதானம் சொல்லியிருக்கிறாள்.

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அத்தை உத்தரவு போட்டாள். அடுப்பு மூட்டினார்கள். கடையிலிருந்து இசக்கியைக் காய் நறுக்கக் கூப்பிட்டார்கள். அப்புறம் தண்ணீர் சுமக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். அப்புறம் இலை போட நானும் வேண்டும் என்றார்கள். கடைசியில் கடையைப் பூட்டி, பாட்டில் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். தாகசாந்தி என்று போட்டிருக்கிறதே, கொடுக்காமல் இருக்க முடியுமா?

அங்கே கீழரத வீதியில் தேர் அசைந்துகொண்டிருந்தது. வடம் பிடித்து இழுப்பவர்களின் ஆரவாரம் எங்கள் வீடு வரை கேட்டது. ஆயிரக்கணக்கான தொண்டைகள் பூட்டிய என் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரசத்தில் மிளகு தூக்கல் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இலைக்கு ஒரு பாட்டில் வைத்தோம். யாரும் தொடவில்லை. மீராசா சொன்ன அதே முழிப்பு எல்லார் முகத்திலும். கடைசியில் இசக்கி வந்து வரிசையாகக் கோலியை அமுக்கினான். ஒவ்வொன்றும் டப் டப் என்று கிளம்பியது.

"பந்தியில வெடி போடுத கல்யாணத்த இப்பத்தான் வே பாக்கேன்" என்றார் முக்கூடல் பெரியவர். குடித்தார். மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. பெரிதாக ஒரு ஏப்பம் விட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாருக்கே! இது எங்க விக்குது?"

"நம்ம கடையிலதான். தேர்முட்டிக்கு எதிர்ல."

"அட! இவ்வளவு நல்ல சரக்க வச்சுக்கிட்டு, ஒரு நோட்டீஸ் அடிச்சு நாலு பேருக்குச் சொல்லப்படாதா, தம்பி?"

மேலப்பாளையம்

மறுநாள் குடும்பம் கூடி ஆராய்ந்தது. ஏன் இப்படி ஆயிற்று? அரை மணி நேரத்தில் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தப் புலவன் எழுதியது சரியில்லை.

"ஆளு நல்ல ஆளாப் பாத்து வச்சிருக்கணும்" என்றார் மாமனார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு.

இருந்தாலும் மனிதர் இரங்கினார். குத்துவிளக்குகள் பதினேழு சேர்ந்துவிட்டதில் அவருக்கே கொஞ்சம் கூச்சம். "ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துல கூட்டம் கூடும். அங்கன ஒரு பந்தல் போட்டுப் பாரும். அதுதான் கடைசி" என்றார்.

அன்று பிற்பகலே மேலப்பாளையத்துக்கு நடந்தேன். தெரு நெடுகத் தறிச் சத்தம். மீராசா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து பாயை விரித்தார். நடந்ததெல்லாம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சிரிக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் கொன்றது.

"தப்பு என் பேருல, புலவரே. மன்னிச்சுக்கிடுங்க. ஆடி அமாவாசைக்கு ஒண்ணு எழுதித் தரணும். என் தலையெழுத்தே அதுலதான் இருக்கு. இல்லன்னா கச்சேரிக்குப் போயிருவேன்."

"யாரு பாக்கப் போறா?"

"நான் மட்டுந்தான். சத்தியமா."

மீராசா உள்ளே போய்த் தாளும் மைக்கூடும் எடுத்து வந்தார். பாபநாசத்துக்கு வருகிறவர்கள் யார், காலையில் எத்தனை மணிக்குத் தர்ப்பணம் முடியும், ஈர வேட்டியோடு எந்தப் படியில் ஏறி வருவார்கள், விரதம் எப்போது முடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே, என் கண் முன்னாலேயே, மூன்று வரி எழுதினார். மை காய ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

படித்தேன். முன்னது ஒன்றுமில்லை என்று சொல்லும்படி இருந்தது. ஒரு எழுத்தை எடுக்க முடியாது, ஒரு எழுத்தைச் சேர்க்க முடியாது. ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் ஆட்கள் எனக்குக் கண்ணில் தெரிந்தார்கள்.

"புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு."

"மாத்த வேண்டியது உண்டுமா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பம் நான் இப்பவே அச்சுக்கூடத்துக்குப் போறேன். கொடுத்திரவா?"

சரி என்று ஒரு வார்த்தை. அதுதான் பாக்கி. வீட்டில் எவரும் இல்லை, மாமனார் இல்லை, பென்சில் இல்லை. நானும் அவரும் தறியும்தான். வாயைத் திறந்தேன்.

"மாமாட்ட ஒரு வார்த்த மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லுதேனே" என்றேன்.

மீராசா கோபப்படவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கினார். மைக்கூட்டை மூடினார்.

"பிள்ளைவாள், நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதிய. நீங்க கச்சேரி வேலைக்கே போங்க. அங்கன உங்கள மாதிரி ஒரு ஆளு கெடைக்க அவுக நசீபு, கொடுத்து வச்சிருக்கணும்."

ரோசம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. விறுவிறுவென்று வெளியே வந்தேன். ஆற்றுப் பாலம் தாண்டும் வரை அவரை வைதுகொண்டே நடந்தேன். ஒரு நெசவாளி என்னைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா? நேரே மாமனார் வீட்டுக்குப் போனேன். மீராசா சொன்னதை வார்த்தை விடாமல் சொல்லி, "இது சரியா மாமா?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார் மாமனார். "ஆடி பொறக்கதுக்குள்ள கச்சேரியில சேந்துரும்."

அடுத்த திங்கட்கிழமை சேர்ந்தேன்.